லினக்ஸ்ல லாகின் ஆகி ரெண்டு நிமிஷம் கழிச்சு வேலைகளை ஓட வைக்கிறது எப்படி?

லாகின் பண்ண உடனே பேக்கப், மெயில் சிங்க்னு எல்லாம் ஒண்ணா கிளம்பி டெஸ்க்டாப்பே திணறுது, கொஞ்சம் தள்ளி ஓட வைக்கலாமானு கேட்டிருக்கீங்க. தாராளமா வைக்கலாம். ஆனா அந்த ரெண்டு நிமிஷத்தை எங்கேர்ந்து எண்ணணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க, மெஷின் பூட் ஆனதுலேர்ந்தா இல்ல நீங்க பாஸ்வேர்டு போட்டு உள்ள வந்ததுலேர்ந்தா? நிறைய பேர் க்ரான்ல (வேலைகளைக் குறிச்ச நேரத்துல தானா ஓட வைக்கிற புரோகிராம்) பூட் ஆனதும் ஓடுன்னு சொல்ற @ரீபூட் போட்டு, 120 செகண்ட் காத்திருக்க ஸ்லீப் 120 வெச்சிடறாங்க, அது க்ரான் கிளம்பினதுலேர்ந்து எண்ணும், நீங்க பத்து நிமிஷம் கழிச்சு லாகின் பண்ணா அதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும், இல்ல டிஸ்ப்ளே கிடைக்காம செத்துப் போயிருக்கும்.

பழைய வழின்னா ஹோம் ஃபோல்டர்ல இருக்கிற, லாகின்ல ஓடற .ப்ரொஃபைல் ஃபைல்ல ஸ்லீப்பையும் கமாண்டையும் ஒரே பிராக்கெட்குள்ள போட்டு கடைசில & வைக்கிறது, அதுதான் வேலையைப் பின்னணியில ஓட விடும். அந்த & ரொம்ப முக்கியம், ஒருதடவை நான் அதை விட்டுட்டு ரெண்டு நிமிஷம் கருப்பு ஸ்க்ரீனைப் பாத்துட்டு மெஷின் போச்சுன்னே நினைச்சேன். இன்னொரு தொல்லை, எஸ்எஸ்எச்ல (வேற மெஷின்லேர்ந்து நெட்வொர்க் வழியா உள்ள வர்றது) வர்ற ஒவ்வொரு லாகினுக்கும் அது திரும்ப ஓடும். .பாஷ்ஆர்சில போட்டா இன்னும் மோசம், டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும்.

உங்க லினக்ஸ்ல சிஸ்டம்டி (சர்வீஸ்களைக் கிளப்பி நிர்வகிக்கிற புரோகிராம்) இருந்தா அதோட யூசர் டைமர்தான் என் ஓட்டு. என்ன ஓடணும்னு சொல்ற ஒரு சர்வீஸ் ஃபைல், எப்போ ஓடணும்னு சொல்ற அதே பேர்ல ஒரு டைமர் ஃபைல், ரெண்டையும் .கான்ஃபிக்/சிஸ்டம்டி/யூசர் ஃபோல்டர்ல வைங்க. டைமர்ல ஆன்பூட்செக் போடாதீங்க, அது பூட்லேர்ந்து எண்ணும். ஆன்ஸ்டார்ட்டப்செக் போடுங்க, அது உங்க யூசர் மேனேஜர் (உங்க யூசருக்குன்னு தனியா ஓடற சிஸ்டம்டி) கிளம்பினதுலேர்ந்து, அதாவது முதல் லாகின்லேர்ந்து எண்ணும், அடுத்தடுத்து எஸ்எஸ்எச்ல வந்தாலும் திரும்ப ஆரம்பிக்காது. 30 செகண்ட்னு போட்டும் ஒன்றரை நிமிஷம் வரைக்கும் இழுக்குதேன்னு குழம்பாதீங்க, எவ்வளவு தாமதமாகலாம்னு சொல்ற அக்யூரசிசெக் டீஃபால்ட்டா 1 நிமிஷம், அதை 1 செகண்ட் ஆக்கிடுங்க. டைமர் ஃபைலோட இன்ஸ்டால் பகுதில டைமர்ஸ்.டார்கெட்டைக் குறிப்பிட்டு, சிஸ்டம்சிடிஎல் கமாண்டுல --யூசர் சேத்து டைமரை எனேபிள் பண்ணணும், சர்வீஸை இல்ல. சர்வீஸை எனேபிள் பண்ணா அது லாகின்லயே ஓடிடும், டைமர் வெச்சதுக்கே அர்த்தம் இல்ல.

பேக்கப் மாதிரி டிஸ்க்கைக் கடையிற வேலைன்னா தள்ளிப் போட்டாலும் தள்ளிப் போட்ட நேரத்துல திணறத்தான் செய்யும், அதனால சர்வீஸ்ல நைஸ் 19 (சிபியுல கடைசி முன்னுரிமை), ஐஓ ஷெட்யூலிங் கிளாஸ் ஐடில் (டிஸ்க் சும்மா இருக்கும்போது மட்டும்) ரெண்டும் சேத்துடுங்க.

எல்லாம் சரியா செஞ்சும் லாகினுக்கு முன்னாடியே ஓடுதுன்னா உங்க யூசருக்கு லிங்கர்ங்கிற செட்டிங் ஆன்ல இருக்கானு பாருங்க. அது இருந்தா யூசர் மேனேஜர் பூட்லயே கிளம்பிடும், எண்ணிக்கையும் அங்கேர்ந்தே ஆரம்பிச்சிடும்.