எஸ்பெராண்டோவில் அகராதியில் இல்லாத சொல்லை நாமே உருவாக்கினால் தவறா?

தவறே இல்லை. எஸ்பெராண்டோ என்பது பல நாட்டவரும் பேசிக்கொள்வதற்காக ஒருவர் உருவாக்கிய பொதுமொழி. நீங்கள் புதிதாகப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். யாரோ "அகராதியில் இல்லையே" என்று சொல்லி உங்களைத் தயங்க வைத்திருக்கிறார்கள். என்னிடமும் சொன்னார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ராமேஸ்வரத்துக்கு அருகில் உள்ள மண்டபம் ஊர்ப் பக்கம். வீட்டில் கருவாட்டுத் தொழில். பிரேசிலில் இருக்கும் நண்பருக்கு எஸ்பெராண்டோவில் எழுதும்போது, கருவாடு காயப்போடும் களத்துக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. 'ஃபிஷ்' என்றால் மீன். 'செக்' என்றால் காய்ந்த. 'இக்' சேர்த்தால் காயவைப்பது. 'எய்' சேர்த்தால் இடம். கடைசியில் பெயர்ச்சொல்லுக்கான 'ஓ'. ஆக, 'ஃபிஷ்செகிகேயோ'. அந்த 'இக்'கை விட்டால் வெறும் காய்ந்த இடம் என்றாகிவிடும். நெத்திலி தானாகவா காய்கிறது? அம்மா உச்சிவெயிலில் நின்று புரட்டிப் புரட்டிப் போடுகிறார். அந்த உழைப்பு சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக வைத்தேன். நண்பருக்கு ஒரே வாசிப்பில் புரிந்துவிட்டது.

ஆனால் இன்னொரு மூத்த எஸ்பெராண்டோக்காரர், "இப்படி ஒரு சொல்லே கிடையாது" என்றார். இன்றுவரை எனக்கு ஆறவில்லை. இந்த மொழியை உருவாக்கிய சாமன்ஹோஃப் 1887-இல் வெளியிட்ட முதல் புத்தகத்தில் இருந்ததே சுமார் 900 வேர்ச்சொற்கள்தான். மிச்சத்தை நாம் கட்டிக்கொள்ளத்தானே 'இக்', 'எய்' போன்ற ஒட்டுகளைக் கொடுத்தார்? ஆஸ்பத்திரிக்கு எஸ்பெராண்டோவில் சொல்லும் 'மல்சானுலேயோ'வைப் பிரித்துப் பாருங்கள்: 'மல்' எதிர்மறை, 'சான்' நலம், 'உல்' ஆள், 'எய்' இடம். கூட்டுச்சொல்லில் முக்கியமான சொல் கடைசியில் வரவேண்டும் என்பது சாமன்ஹோஃப் வகுத்த 11-ஆம் விதி. தமிழருக்கு இது கைவந்த கலை. நாம் மீன்வலை என்கிறோம், அங்கே 'ஃபிஷ்ரேட்டோ'. அதே வரிசைதான்.

அதற்காக இஷ்டத்துக்கு ஒட்டுகளை அடுக்கச் சொல்லவில்லை. எல்லோரும் புழங்கும் சொல் ஏற்கெனவே இருந்தால் அதையே எடுங்கள். நான் மொழியியல் படித்தவன் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். தமிழ் இருக்க இது எதற்கு என்று சண்டைக்கும் வராதீர்கள். வீட்டிலும் கரையிலும் எனக்குத் தமிழ்தான்.

களம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரையில் இன்னும் வெறும் மணலில்தான் காயப்போடுகிறோம். சிமெண்டுத் தளம் கேட்டு மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது. மண் ஒட்டியிருக்கிறது என்று வியாபாரி விலையைக் குறைக்கிறார். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் பாதிச் சரக்கு புழு வைத்துவிடும். மூடிவைக்கத் தார்ப்பாய்கூட எங்கள் கைக்காசில்தான் வாங்குகிறோம்.