கேள்வி-பதில்: பவளத் தொட்டியில் மக்னீசியம்

கேள்வி: 240 லிட்டர் பவளத் தொட்டி (உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருக்கிறேன். கால்சியமும் ஆல்கலினிட்டியும் (நீரிலுள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) எவ்வளவு ஊற்றினாலும் நிற்பதில்லை. ஹீட்டர் மேல் வெள்ளையாகப் படிகிறது, மணல் அங்கங்கே கட்டிதட்டிப் போகிறது. மக்னீசியம் 1150 பிபிஎம் (ஒரு பிபிஎம் என்பது லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்) காட்டுகிறது. எவ்வளவு சேர்க்கலாம்?

பதில்: மூன்று அறிகுறிகளும் மக்னீசியக் குறைவோடு பொருந்துகின்றன. கடல்நீரில் கால்சியமும் கார்பனேட்டும் இயல்பாகத் தாங்கும் அளவுக்கு மேலேயே கரைந்திருக்கின்றன. அவை சுண்ணாம்பாகப் படியாமல் தடுப்பதில் மக்னீசியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. புதிதாக உருவாகும் படிகத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, அதை மேலே வளரவிடாது. அது குறைந்தால், பவளத்துக்கு என்று நீங்கள் ஊற்றுவது சூடான ஹீட்டரிலும் பம்புக்குள்ளும் போய்ப் படியும்.

ஆனாலும் மக்னீசிய உப்பைக் கையில் எடுக்குமுன் சலினிட்டியை, அதாவது நீரின் உப்பளவை, பாருங்கள். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கடல்நீரில் மக்னீசியம் 1300 பிபிஎம்முக்குச் சற்று முன்பின் இருக்கும். அதே நீர் 31 பிபிடியாக நீர்த்துப்போனால் கணக்குப்படி 1150தான் வரும். அங்கே மருந்து கடல் உப்பு, மக்னீசியம் அல்ல. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்ஓ நீரில் (வடிகட்டிய உப்பற்ற நீர்) பூஜ்யம் வைத்துவிட்டு நம்பாதீர்கள், 35 பிபிடி அளவுக் கரைசலில் சரிபாருங்கள்.

சலினிட்டி சரி என்றால் இதோ கணக்கு. பாறை, மணல் இடத்தைக் கழித்து, சம்ப்பையும் (தொட்டியோடு இணைந்த கீழ்த்தொட்டி) சேர்த்து, உண்மையான நீர் 200 லிட்டர் என்று கொள்வோம். 1300க்குக் கொண்டுவர 150 பிபிஎம் வேண்டும், அதாவது 30 கிராம் மக்னீசியம். மக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டில் (படிகத்துக்குள் நீர் கலந்த வகை) 12 சதவீதம்தான் மக்னீசியம் என்பதால் 250 கிராம் ஆகும். மூன்று பங்காக்கி, ஒவ்வொன்றையும் ஒரு லிட்டர் ஆர்ஓ நீரில் கரைத்து, மூன்று நாட்கள் நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஆல்கலினிட்டிக் கரைசல் விழும் இடத்திலேயே ஊற்றக் கூடாது. அங்கேயே வெண்மையாகத் திரிந்துவிடும். முழுதும் சேர்த்தபின் சலினிட்டி சுமார் 0.6 பிபிடி ஏறியிருக்கும், அதையும் திருத்துங்கள். மக்னீசியம் ஏறும்வரை மற்ற இரண்டையும் உயர்த்த முயலாமல், இருக்கிற அளவில் நிறுத்தி வைத்தால் போதும்.

பாக்கெட்டில் 'நீரற்றது' என்று போட்டிருந்தால் இதே வேலைக்கு 118 கிராம் போதும். கரைக்கும்போது நன்றாகச் சுடும், ஆறியபின் ஊற்றுங்கள். தொழிற்சாலைத் தர உப்பில் அம்மோனியாவோ உலோகமோ கலந்திருக்கலாம். உணவுத் தரமோ ஆய்வகத் தரமோ வாங்குவதே நல்லது.

கேள்வி: எப்சம் உப்பு (மக்னீசியம் சல்ஃபேட்) எளிதில் கிடைக்கிறது. அதை மட்டும் போடலாமா?

பதில்: ஒரு தடவை, சிறு அளவு என்றால் போடலாம். வாடிக்கையாக வேண்டாம். எப்சம் உப்பால் 100 பிபிஎம் மக்னீசியம் ஏற்றினால் கூடவே 395 பிபிஎம் சல்ஃபேட் வந்து சேரும். கடல்நீரில் சல்ஃபேட் மொத்தமே சுமார் 2700தான். ஒரே தடவையில் 15 சதவீதம் உயர்வு! குளோரைடு உப்பிலும் 290 பிபிஎம் குளோரைடு வரும். ஆனால் அங்கே ஏற்கெனவே 19,000க்கு மேல் இருப்பதால் அது ஒரு பொருட்டில்லை. பத்துப் பங்கு குளோரைடுக்கு ஒரு பங்கு எப்சம் என்று கலப்பது நல்ல வழக்கம்.

கேள்வி: ஒரே நீரை இரண்டு முறை சோதித்தேன். ஒருமுறை 1240, மறுமுறை 1320. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் 'ஏறக்குறைய 1280' என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் மாறும்வரை துளித்துளியாக விடும் கரைசலில் ஒரு மில்லியை 1500 பிபிஎம் என்று கணக்கிடும் சோதனைக் கிட்டில், உங்கள் இரண்டு அளவுகளுக்கும் இடையே உள்ளது வெறும் 0.05 மில்லி. ஓரிரு துளிதான்.

பிழை பெரும்பாலும் மாதிரி எடுக்கும்போதே நுழைந்துவிடுகிறது. 2 மில்லி நீரில் 0.1 மில்லி குறைந்தாலே 65 பிபிஎம் போச்சு. சிரிஞ்சை அதே நீரால் கழுவி, குமிழி இல்லாமல் உறிஞ்சி, நுனியில் தொங்கும் துளியைத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். தூள் முழுவதும் கரைந்தபின்தான் துளி விடத் தொடங்க வேண்டும். நிறம் நெருங்கும்போது ஒவ்வொரு துளிக்கும் பத்து விநாடி குலுக்குங்கள். சிவப்பு ஊதாவாகி நீலத்துக்குப் போகும் கிட்டில், ஊதாவில் அவசரப்பட்டு நிறுத்துபவர்களே அதிகம். அடுத்த துளிக்கும் நிறம் மாறவில்லை என்றால்தான் முடிவு. பின்னால் வெள்ளைத் தாள், பகல் வெளிச்சம். தொட்டியின் நீல விளக்கடியில் பார்த்தால் எல்லாமே நீலம்தான்.

கால்சியமும் மக்னீசியமும் சேர்த்து அளந்து, கால்சியத்தைக் கழிக்கும் வகைக் கிட்டும் உண்டு. அதில் கால்சியத்தில் 10 பிபிஎம் பிசகினால் மக்னீசியத்தில் 6 பிசகும்.

கேள்வி: 1500க்கு மேல் ஏறிவிட்டது. ஆபத்தா? எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது?

பதில்: பவளங்கள் பொதுவாகத் தாங்கும். நத்தைகள் மந்தமாகிப் பாறையிலிருந்து விழுகின்றனவா என்று பாருங்கள். முதுகெலும்பற்ற உயிரினங்களுக்கு மயக்கம் கொடுக்க ஆய்வகங்களில் பயன்படுவதும் இதே மக்னீசியம் குளோரைடுதான். சேர்ப்பதை நிறுத்தி, வழக்கம்போல் நீர் மாற்றினால் இறங்கிவிடும். மக்னீசியச் செலவு கால்சியத்தில் சிறு பங்குதான் என்பதால் மாதம் ஒருமுறை சோதனை போதும். கோரலைன் பாசி (பாறைமேல் சுண்ணாம்புப் படலமாக வளரும் பாசி) வேகமாகப் படரும் தொட்டிக்கும், கால்சியத்துக்கும் ஆல்கலினிட்டிக்கும் சுண்ணாம்பு நீரை மட்டுமே நம்பியிருக்கும் தொட்டிக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. சுண்ணாம்பு நீரில் மக்னீசியம் கிடையாது.