மழை பொய்த்தால் மேய்ச்சல் புல்லுக்கு இன்சூரன்ஸ் காசு வருமா?

கேள்வி இதுதான்: டெக்சாஸில் கொஞ்சம் நிலம் வாங்கி மாடு வளர்க்கப் போகிறேன், மழை இல்லாமல் புல் காய்ந்துபோனால் இன்சூரன்ஸ் கை கொடுக்குமா?

கொடுக்கும். ஆனால் அது உங்கள் புல்லுக்குக் கொடுக்கிற காசு இல்லை, மழைக்குக் கொடுக்கிற காசு. இது புரியாமல்தான் முதல் வருஷம் நான் ஏமாந்தேன்.

இங்கே இதை பிஆர்எஃப் என்பார்கள், மேய்ச்சல் நிலம், புல்வெளி, தீவனம் என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம். அமெரிக்க வேளாண் துறையின் திட்டம், விற்பது தனியார் ஏஜென்ட்கள். 2007இல் சில இடங்களில் மட்டும் சோதித்துப் பார்த்து, 2016இல் அலாஸ்கா, ஹவாய் தவிர்த்து 48 மாநிலங்களுக்கும் கொண்டுவந்தார்கள். ஊரில் பயிர்க் காப்பீடு என்றால் எங்காவது நாலு வயலில் அறுவடை செய்து எடை போட்டு, அதை வைத்து விளைச்சலைக் கணக்கிடுவார்கள் இல்லையா, புல்லுக்கு அது நடக்காது. மாடு தின்றுவிட்டுப் போன புல்லை யார் எடை போடுவது? அதனால் விளைச்சலை விட்டுவிட்டு மழையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நாடு முழுவதையும் அட்சரேகை, தீர்க்கரேகையில் கால் பாகைக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள், ஒரு பக்கம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். உங்கள் நிலம் எந்தக் கட்டத்தில் விழுகிறதோ, சுற்றுவட்டார வானிலை நிலையங்களின் அளவை வைத்து அந்தக் கட்டத்துக்கு ஒரு மழைக் குறியீடு போடுவார்கள். 1948இலிருந்து உள்ள பதிவுகளின் சராசரி 100. வருஷத்தை ஜனவரி-பிப்ரவரி, பிப்ரவரி-மார்ச் என்று இரண்டிரண்டு மாதமாக 11 இடைவெளிகளாக வைத்திருக்கிறார்கள், அதில் குறைந்தது இரண்டை நீங்கள் எடுக்க வேண்டும், ஒரு மாதம் இரண்டு முறை வரக்கூடாது. பாதுகாப்பு அளவு, அதாவது குறியீடு எதற்குக் கீழே போனால் காசு வரும் என்ற வரம்பு, 70இலிருந்து 90 சதவீதம் வரை.

கணக்கு சுலபம். 90 சதவீதம் எடுத்திருக்கிறீர்கள், காப்பீட்டுத் தொகையில் ஏப்ரல்-மேக்கு 1800 டாலர் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். குறியீடு 60க்கு இறங்கினால் 30 குறைகிறது, அந்த 30 என்பது 90இல் மூன்றில் ஒரு பங்கு, ஆக 600 டாலர். நீங்கள் மனு போட வேண்டாம், யாரும் வந்து நிலத்தைப் பார்க்கவும் மாட்டார்கள், அதுவாகவே வந்துவிடும். பிரீமியத்தையும் முன்கூட்டியே கேட்பதில்லை, இழப்பீடு வந்தால் அதில் கழித்துக்கொள்வார்கள். 2022க்கு நான் எடுத்தபோது 90 சதவீத அளவுக்குப் பிரீமியத்தில் 51 சதவீதத்தை அரசே கட்டியது, 70 சதவீத அளவுக்கு 59.

சரி, நான் எங்கே சறுக்கினேன்? என் ஏஜென்ட் (பேர் வேண்டாம்) கம்ப்யூட்டரில் பழைய வருஷங்களின் பட்டியலைத் திறந்து, உங்கள் கட்டத்தில் குளிர்கால மாதங்களில்தான் அடிக்கடி காசு விழுந்திருக்கிறது, ஜனவரி-பிப்ரவரியும் நவம்பர்-டிசம்பரும் போடுங்கள் என்றார். எனக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. என் பெர்முடா புல் குளிரில் உறங்கும், அப்போது மழை பெய்தால் என்ன பெய்யாவிட்டால் என்ன என்று எனக்கு உறைக்கவே இல்லை. 2022 கோடை வந்தது. ஜூலையில் தரை வெடித்துக் கிடந்தது, இரண்டாவது அறுப்பே இல்லை, வெளியில் புல் உருண்டை வாங்கலாம் என்றால் விலை எகிறிவிட்டது, பக்கத்துப் பண்ணைக்காரர்கள் மாடுகளை லாரி லாரியாக ஏலத்துக்கு அனுப்பினார்கள், நானும் நாலு பசுவை விற்றேன். ஜனவரி-பிப்ரவரிக்குக் கொஞ்சம் காசு வந்தது. கோடைக்குச் சல்லிக்காசு இல்லை, நான்தான் அந்த மாதங்களை எடுக்கவே இல்லையே.

அதனால் இப்போது ஏப்ரல்-மேயில் பாதியைப் போட்டு, மிச்சத்தை ஜூன்-ஜூலைக்கும் ஆகஸ்ட்-செப்டம்பருக்கும் பிரித்துவிடுகிறேன். இதை வெறும் முதலீடாகப் பார்த்துக் காசு விழும் மாதங்களைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தவறு என்று சொல்லமாட்டேன், ஆனால் தீவனம் வாங்கக் காசு தேவைப்படும் மாதத்தில் அது வராது.

அப்புறம் இன்னொன்று. இப்படி எடுத்தாலும் பொருந்தாமல் போகும். ஒரு ஜூனில் மேகம் கட்டத்தின் வடக்கு ஓரத்தில் கொட்டிவிட்டுப் போய்விட்டது, என் வேலிக் கம்பத்து மழைமானியில் ஒன்றுமே இல்லை, குறியீடு மட்டும் 100ஐத் தாண்டிவிட்டது. உங்கள் மழைமானியைக் காட்டி வாதாட முடியாது. இரண்டு மாத மழையும் ஒரே நாளில் கொட்டி ஓடினாலும் அவர்களுக்கு அது நல்ல மழைதான், வெயிலின் கொடுமைக்கோ வெட்டுக்கிளிக்கோ இதில் இடமே இல்லை. நேர்மாறாகவும் நடக்கும், புல் பச்சையாக நிற்கும்போதே காசு வந்த வருஷமும் உண்டு.

ஏக்கர் முழுவதையும் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பாதி நிலத்துக்கு மட்டும் எடுத்துப் பார்க்கலாம். குத்தகை நிலம் என்றாலும் மாடு உங்களுடையது என்றால் எடுக்கலாம். நான் எடுத்த வருஷம் கடைசித் தேதி முந்தைய டிசம்பர் 1. கடும் வறட்சி என்று வறட்சி வரைபடத்தில் உங்கள் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) சிவந்தால் பிரீமியமே இல்லாமல் வேளாண் துறை தரும் தீவன உதவி தனியாக இருக்கிறது, இந்த இன்சூரன்ஸ் இருப்பதால் அது போய்விடாது. அதற்கு நீங்களே போய் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.