ஐந்தாவது செவ்விய எண் 33550336 என்கிறார்களே, அது ஐந்து இலக்க எண்ணாக அல்லவா இருக்க வேண்டும்?

அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூடுதல் தனக்கே சமமாக வரும் எண்தான் செவ்விய எண். 6, 28, 496, 8128 என்ற வரிசையில் இலக்கம் ஒவ்வொன்றாகக் கூடுவதைப் பார்த்து, அடுத்ததற்கு ஐந்து இலக்கம் என்று ஏதோ போட்டித் தேர்வுக் கையேட்டில் எழுதியிருந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஏறத்தாழ கி.பி. 100இல் வாழ்ந்த கிரேக்கக் கணிதர் நிக்கோமாக்கஸ் காலத்து நம்பிக்கை இது. கடைசி இலக்கம் 6, 8 என மாறி மாறி வரும் என்றும் அவர் எழுதினார். ஐந்தாவது எண்ணுக்கு எட்டு இலக்கங்கள். அது 6இல் முடிய, ஆறாவதான 8589869056உம் 6இல்தான் முடிகிறது.

மாவட்ட அளவிலான ஒரு கணிதப் போட்டியில் இதே கேள்விக்கு என் அண்ணன் மகள் "எட்டு" என்று எழுதினாள். விடைக்குறிப்பில் "ஐந்து" என்று இருந்ததால் அவளுடைய மதிப்பெண் போயிற்று. அன்றிரவே அமைப்பாளர்களுக்குக் கடிதம் எழுதினேன். 2ⁿ − 1 பகா எண்ணாக இருந்தால் அதை 2ⁿ⁻¹ ஆல் பெருக்கச் செவ்விய எண் கிடைக்கும் என்று யூக்ளிடு காட்டினார். இரட்டைப்படைச் செவ்விய எண்கள் எல்லாமே இந்த வடிவில்தான் அமையும் என்று ஆய்லர் நிறுவினார். இதற்கு n பகா எண்ணாக இருந்தாக வேண்டும். 8128க்கு n = 7. அடுத்த 11 உதவாது, ஏனெனில் 2047 = 23 × 89. 13க்கு 8191 வருகிறது. அதன் பகாக் காரணி எதுவானாலும் 26ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும் என்பதால், அதன் வர்க்கமூலமான 90 சொச்சம் வரை 53, 79 ஆகிய இரண்டை மட்டும் சோதித்தால் போதும். மீதிகள் முறையே 29, 54. ஆகவே 8191 பகா எண். 4096 × 8191 = 33550336.

"விடைக்குறிப்பே இறுதியானது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. வகுத்தல் கணக்குக்குக்கூட மேலிட ஒப்புதல் வேண்டும் போலும்.

ஒற்றைப்படைச் செவ்விய எண் ஒன்று இடையில் ஒளிந்திருக்கலாமே என்று இங்கே யாராவது மடக்கக்கூடும். 10¹⁵⁰⁰ வரை அப்படி எதுவும் இல்லை என்று ஓஷம், ராவ் என்ற கணித ஆய்வாளர்கள் இருவரும் 2012இல் வெளியான கட்டுரையில் நிறுவிவிட்டார்கள்.

இந்த எண்ணை வேறு வகைகளிலும் சேர்க்கலாம். 1 முதல் 8191 வரை கூட்டினால் வருவதால் இது முக்கோண எண். 1³ + 3³ + 5³ என்று 127³ வரை கூட்டினாலும் இதுவே வரும். 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்முறையில் எழுதினால் 13 ஒன்றுகளும் அவற்றைத் தொடர்ந்து 12 சுழியங்களும் நிற்கும். தன்னையும் சேர்த்து 26 காரணிகள் கொண்ட இதன் காரணிகளின் இசைச் சராசரி (காரணிகளின் எண்ணிக்கையை அவற்றின் தலைகீழிகளின் கூடுதலால் வகுத்தால் வருவது) சரியாக 13. இலக்கங்களைக் கூட்டினால் 28 என்ற இன்னொரு செவ்விய எண் வருவது மட்டும் வெறும் தற்செயல். அதைப் பண்பு என்று எங்கும் எழுதிவிடாதீர்கள், அடுத்த ஆண்டு விடைக்குறிப்பில் ஏறிவிடும்.