பழைய மரம் வாங்கப் போகிறீர்களா? டேப்போடு போங்கள்

கேள்வி: குரோம்பேட்டையில் வாடகை வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். கட்டில், சாப்பாட்டு மேசை, துணி அலமாரி மூன்றும் 40,000 ரூபாய்க்குள் வேண்டும். ஆன்லைனில் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த இன்ஜினியர்டு வுட்’ என்று வருவதை வாங்கலாமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

பதில்: வேண்டாம். அந்த விலைக்கு இன்ஜினியர்டு வுட் என்று வருவது பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டுதான். மரச் சில்லுகளை யூரியா ஃபார்மால்டிஹைடு பசை சேர்த்து அழுத்திய பலகை. பெட்டியைப் பிரித்ததும் மூக்கில் ஏறுகிற நெடி அந்தப் பசையிலிருந்து வருவது. வீடு துடைக்கும் தண்ணீர் பட்டுப் பட்டு அடிப்பாகம் ஊதிவிடும். வீடு மாறும்போது ஒருமுறை கழற்றினால், திரும்பப் பூட்டும்போது ஸ்க்ரூ பிடிக்காது. அப்படிப்பட்ட சாமானில் பச்சை இலைப் படம் ஒட்டி விற்கிறார்கள். ஆதாரமில்லாமல் ‘பசுமை’ என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரிலேயே நெறிமுறை போட்டுவிட்டது. நெறிமுறை அதுபாட்டுக்கு இருக்கிறது, இலைப் படமும் அதுபாட்டுக்கு இருக்கிறது. ஏமாந்தவர் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டிலுக்கும் மேசைக்கும் இடித்த வீட்டு மரம் வாங்குங்கள். பழைய நிலை, கதவு, உத்தரம் விற்கும் கடைகள் சென்னையிலேயே உண்டு. இதற்காக யாரும் புதிதாக மரம் வெட்டப் போவதில்லை. பல வருஷம் காய்ந்த மரம் என்பதால் சுருங்குவதும் முறுக்குவதும் குறைவு. தேக்குதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். வேம்பு, வேங்கை கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம்.

கடைக்குத் தனியாகப் போங்கள். ‘எனக்குத் தெரிந்த கடை’ என்று கூட்டிப்போகிற ஆசாரிக்குப் பெரும்பாலும் கமிஷன் உண்டு. அது உங்கள் பில்லில்தான் ஏறும். எல்லா ஆசாரிகளையும் சொல்லவில்லை. ஆனால் மரத்தை நீங்கள் வாங்கிக் கொடுத்து, கூலியைத் தனியாகப் பேசிவிட்டால் இந்தச் சந்தேகமே வராது.

அடுத்தது அளவு. மரம் கன அடிக் கணக்கில் விற்கிறது. நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் அளந்து, மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். 8 அடி நீளம், 6 அங்குல அகலம், 3 அங்குல கனம் என்றால் சரியாக ஒரு கன அடி. அகலத்திலும் கனத்திலும் அரை அரை அங்குலம் தூக்கி எழுதினால் அதே கட்டை 1.26 கன அடி ஆகிவிடும். கால் பங்குக்கு மேல் காசு போச்சு! நிலைக்கட்டையில் கதவு உட்காரும் பள்ளம், பூட்டு வைத்த ஓட்டை, உளுத்த நுனி எல்லாவற்றையும் நல்ல மரமாகவே கணக்கில் சேர்ப்பார்கள். அதைக் கழிக்கச் சொல்லி நில்லுங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும். ஓரத்தைச் சீவிக் காட்டச் சொல்லுங்கள். சாயம் பூசி பர்மா தேக்கு என்பவர்கள் அங்கேதான் மாட்டுவார்கள். மாவு போலத் தூள் கொட்டினால் பூச்சி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

குழந்தை இருப்பதால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பெயின்ட் அடித்த பழைய மரம் உங்களுக்கு வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. ‘உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போயிடும் மேடம்’ என்பார்கள். தேய்க்கும்போதுதான் அது தூசியாகி வீடெங்கும் படியும். தவழ்கிற, விரல் சப்புகிற பிள்ளைக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. மேலே புதுப் பெயின்ட் அடித்து மூடுவதும் சரிவராது, பிள்ளை கட்டில் விளிம்பைக் கடிக்கும். எண்ணெயோ பாலிஷோ மட்டும் கண்ட மரமாகப் பாருங்கள். அப்படிக் கிடைக்கவில்லையென்றால் புதிய ரப்பர் மரத்துக்குப் போங்கள். 25, 30 வருஷம் பால் எடுத்து ஓய்ந்த பிறகு எப்படியும் வெட்டுகிற மரம்தான். பூச்சி மருந்தேற்றிப் பதப்படுத்தியதா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

துணி அலமாரிக்கு மரமே வேண்டாம். செகண்ட் ஹேண்ட் இரும்பு பீரோ போதும். அடித்தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், சாவி இரண்டும் கைக்கு வந்த பிறகு காசு கொடுங்கள்.