ஊருக்கு வரும்போது ஒரு மலை போதும்

பயணக் கேள்வி–பதில்

விடுமுறைக்கு ஊர் திரும்பும் வாசகர்களின் கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

டிசம்பர் 20 வாக்கில் கோவை வருகிறோம். நான்கு நாள் கிடைக்கும். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு மூன்றையும் காரில் சுற்றிவிடலாமா? அப்பா, அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்கு ஆறும் பத்தும்.
– வாசகி, ஷார்ஜா

சுற்றலாம். ஆனால் பார்த்தது என்னவென்று கேட்டால் முன் சீட்டின் முதுகைத்தான் சொல்லவேண்டியிருக்கும். ஊட்டியிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரு மலை இறங்கி இன்னொரு மலை ஏறவேண்டும். ஒரு பகல் முழுக்க அதற்கே போய்விடும். கொடைக்கானலும் மூணாறும் வரைபடத்தில் ஒட்டினாற்போல் தெரியும். பேரிஜம் வழியே இருந்த பழைய சாலையில் இப்போது பொதுப் போக்குவரத்து கிடையாது. வத்தலக்குண்டுக்கு இறங்கி, தேனி, போடி வந்து, போடிமெட்டு ஏறித்தான் போகவேண்டும்.

மலைச்சாலையில் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள். வளைவுள்ள பாதையில் மணிக்கு 20 முதல் 25 கி.மீ. போனாலே நல்ல வேகம். வயதானவர்களுக்காக இரண்டு முறை, படம் எடுக்க நான்கு முறை நிறுத்துவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு நாளுக்கு ஒரு மலை போதும். கோவையிலிருந்து கிளம்பி வந்த வழியே திரும்பாமல் வட்டமாக வருவதற்கு பொள்ளாச்சி – வால்பாறை – மளுக்கப்பாறை – அதிரப்பள்ளி – சாலக்குடி பாதையை மிஞ்ச வேறில்லை.

முதல் நாள் காலை 7 மணிக்குக் கிளம்பினால் பொள்ளாச்சியில் சிற்றுண்டி. எரிபொருள், டயர் காற்று எல்லாவற்றையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கி.மீ. ஆழியாறு சோதனைச்சாவடி தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. 9-வது வளைவில் காட்சிமுனை இருக்கிறது. ஆழியாறு அணையின் நீர்ப்பரப்பு கீழே முழுதாகத் தெரியும். அந்தப் பக்கத்துப் பாறைச் சரிவுகளில் வரையாடு நிற்கும்; பாறை நிறத்திலேயே இருப்பதால் அசையும் வரை கண்ணுக்குப் பிடிபடாது. காரின் சத்தம் அடங்கி ஐந்து நிமிடம் நின்றால்தான் தெரியும். அதற்கு முன்னால் கிளம்பிவிடுகிறவர்களே அதிகம். குரங்குகள் அப்படியில்லை, திறந்த கண்ணாடிக்குள் கையை விட்டுவிடும்.

இரண்டாம் நாளை வால்பாறைக்கே வைத்துக்கொள்ளுங்கள். புதுத்தோட்டம் பக்கம் சாலையோர மரங்களில் சிங்கவால் குரங்கு வரும். தீனி போடாதீர்கள், போட்டுப் போட்டுத்தான் அவை தார்ச்சாலைக்கு இறங்கி வண்டியில் அடிபடுகின்றன.

மூன்றாம் நாள் காலை 8 மணிக்கு மேல் தாமதிக்க வேண்டாம். மளுக்கப்பாறை சாவடியில் வண்டி எண்ணையும் நுழையும் நேரத்தையும் குறித்துக்கொள்வார்கள். வாழச்சால் சாவடியில் வெளியேறும்போது சரிபார்ப்பார்கள். நடுவில் முழுக்கக் காடு. கடை கிடையாது, போன் சிக்னலும் பெரும்பாலும் கிடையாது. இரவில் பாதை மூடப்படும். மாலையில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குடிநீரையும் பிள்ளைகளுக்குத் தின்பண்டத்தையும் வால்பாறையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். யானை குறுக்கே நின்றால் ஹார்ன் அடிக்காமல், விளக்கைச் சிமிட்டாமல், இன்ஜினை அணைக்காமல், தள்ளி நின்று காத்திருக்கவேண்டும். பின்னால் இன்னொரு கார் ஒட்டி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ரிவர்ஸ் எடுக்க இடம் வேண்டும்.

அன்றிரவு அதிரப்பள்ளியில் தங்கி, மறுநாள் காலை அருவியைப் பாருங்கள். மேலே நின்று பார்ப்பது எல்லோருக்கும் முடியும். அடிவாரத்துக்கு இறங்கும் பாதை செங்குத்து, பெரியவர்களை மேலேயே உட்காரவைப்பது நல்லது. பிறகு சாலக்குடி வந்து, திருச்சூர், பாலக்காடு வழியாக தேசிய நெடுஞ்சாலை 544-இல் மாலைக்குள் கோவை.

எங்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை ஜூலை–ஆகஸ்ட்டில். மழைக்காலத்தில் மலைக்குப் போகக்கூடாது என்கிறார்கள், சரியா?
– வாசகர், லண்டன்

எந்த மலை என்பதைப் பொறுத்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மேற்குத் தொடரின் மேற்கு முகம் முழுக்க நனையும்: வால்பாறை, கூடலூர், மூணாறு. வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. போடிமெட்டுக்கும் மூணாறுக்கும் இடையில் உள்ள கேப் ரோட்டில் மண்சரிவு அடிக்கடி நடக்கும். அந்த மாதங்களில் மழை நிழலில் இருக்கும் மலைகளைத் தேர்ந்தெடுங்கள். ஏற்காடு, கொல்லிமலை, ஏலகிரி மூன்றும் கிழக்கே தள்ளி இருப்பவை. அங்கே சாயங்காலம் ஒரு பாட்டம் பெய்து விட்டுவிடும்.

அக்டோபர் பாதி முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கணக்கு தலைகீழ். மேட்டுப்பாளையம் – குன்னூர், மேட்டுப்பாளையம் – கோத்தகிரி பாதைகளிலும், கொடைக்கானலின் கிழக்குச் சரிவிலும் மண் சரியும், மரம் விழும். பொங்கல் கழிந்ததும் வானம் தெளிந்துவிடும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் உறைபனி. கார் கண்ணாடியில் படிந்திருப்பதைக் கொதிக்கிற நீர் ஊற்றிக் கரைக்கப் பார்க்காதீர்கள், கண்ணாடியில் விரிசல் விழும்.

கொல்லிமலைக்கு ஒரு எச்சரிக்கை. காரவள்ளி வழிப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறையில் தலை சுற்றியவர்கள் இங்கே வரவேண்டாம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது சுலபம், ஏறுவதுதான் கதை.

அண்ணன் காரை எடுத்து நானே ஓட்டலாம் என்றிருக்கிறேன். என்னிடம் 2004-இல் எடுத்த இந்திய லைசென்ஸ் இருக்கிறது. இப்போது கனடா குடியுரிமை.
– வாசகர், டொராண்டோ

அந்த அட்டையின் காலாவதித் தேதியை முதலில் பாருங்கள். 20 ஆண்டுக்குக் கொடுத்த பழைய லைசென்ஸ்கள் வரிசையாக முடிந்துகொண்டிருக்கின்றன. முடிந்திருந்தால் அது வெறும் அட்டை. விபத்து என்றால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அது ஒன்றே போதும். வரும் முன்பு கனடாவிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு எடுத்து வாருங்கள். 1949 ஜெனிவா உடன்படிக்கைப்படி வழங்கப்படும் சீட்டு இந்தியாவில் செல்லும், ஓராண்டுக்கு. அதோடு கனடா லைசென்ஸும் கையில் இருக்கவேண்டும், சீட்டு மட்டும் போதாது.

அண்ணன் வண்டியில் ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். புகைச் சான்றைத்தான் எல்லோரும் மறப்பார்கள். உறவினர் காரைச் சும்மா ஓட்டுவதில் தவறில்லை. தெரிந்தவரின் வெள்ளைப் பலகை காரை வாடகை கொடுத்து எடுப்பதுதான் தவறு. நீங்களே ஓட்டும் வாடகைக் கார் என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். டிரைவரோடு வருவது மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. சொந்தக் காரை வாடகைக்கு விட்டு விபத்தானால் காப்பீடு கைகொடுக்காது.

வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் சறுக்குவது நெரிசலில் அல்ல. காட்சிமுனையில் நிறுத்தி, டீ குடித்து, காலிச் சாலையில் திரும்பக் கிளம்பும் அந்த முதல் நிமிடத்தில்தான் கை தானாக வலது பக்கம் திருப்பிவிடும். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் "லெஃப்ட்" என்று சொல்லட்டும், கேலியாக இருந்தாலும்.

மலைக்கு வண்டியில் போக இ–பாஸ் எங்கெல்லாம் வேண்டும்? இந்திய போன் எண் இல்லாமல் எடுக்க முடியுமா?
– வாசகி, சிட்னி

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி. வால்பாறைக்கு 2025 நவம்பர் முதல். கட்டணம் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சல் மூலம் பதிவு செய்யலாம். கோடை சீசனில் வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. 2025 ஏப்ரல்–ஜூனில் நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று இருந்தது. மே மாதம் வருவதாக இருந்தால் தேதி முடிவானதும் எடுத்துவிடுங்கள்.

பாஸில் வண்டி எண் வேண்டும், சிக்கல் வருவது அங்கேதான். டாக்ஸிக்காரர் கடைசி நேரத்தில் வேறு வண்டி அனுப்பினால் பாஸ் பொருந்தாது. முந்தின நாள் மாலையே எண்ணை உறுதிசெய்து, ஆளைப் பிடித்துக் கேட்டு, அதன் பிறகு பதிவு செய்யுங்கள். அச்செடுத்த ஒரு தாளும் கையில் இருக்கட்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள்.

டாக்ஸி பேசும்போது என்னென்ன கேட்கவேண்டும்?
– வாசகர், சிங்கப்பூர்

கிலோமீட்டர் ரேட்டை மட்டும் கேட்டுவிட்டுப் பில்லைப் பார்த்து அதிர்கிறவர்கள் அதிகம். ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கி.மீ. கணக்கு (நீங்கள் 80 ஓட்டினாலும் 250-க்குக் கொடுக்கவேண்டியிருக்கும்), ஷெட்டிலிருந்து ஷெட் வரை (வண்டி அதன் இடத்திலிருந்து கிளம்பித் திரும்பிச் சேரும் வரை) கணக்கா, டிரைவர் பேட்டா எவ்வளவு, இரவு பேட்டா தனியா, ஹில்ஸ் சார்ஜ் உண்டா, கேரளா பர்மிட் யார் தலையில். எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். கிளம்பும்போதும் திரும்பும்போதும் மீட்டரைப் போட்டோ எடுங்கள். தங்குமிடத்தில் டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். குளிரில் காருக்குள் சுருண்டு கிடந்தவர் மறுநாள் 40 வளைவு ஓட்டவேண்டும்.

பின் சீட்டு பெல்ட் இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கு சார்" என்பார்கள். இருக்கும், சீட் கவருக்கு அடியில். பக்கிள் வெளியே வரும்படி எடுத்துவைக்கச் சொல்லுங்கள். குழந்தை இருக்கை டாக்ஸியில் அநேகமாகக் கிடைக்காது, கொண்டுவரவேண்டியதுதான்.

போன முறை ஆட்டோமேட்டிக் காரில் ஊட்டியிலிருந்து இறங்கும்போது கருகின வாடை வந்தது. பிரேக்கும் மிருதுவாகிவிட்டது. வண்டிக் கோளாறா?
– வாசகர், டல்லாஸ்

ஓட்டிய விதம்தான். டி-யில் போட்டு இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பினால் பேடும் டிஸ்கும் கொதிக்கும். வாடை அதனால். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சக்கூடியது. பழைய எண்ணெயில் அந்த ஈரம் சூட்டில் ஆவியாகிக் குமிழி கட்டும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இன்னும் கொஞ்சம் போனால் பிரேக்கே இருக்காது.

பழைய டிரைவர்களின் சொல் இன்றைக்கும் செல்லும்: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. ஆட்டோமேட்டிக்கில் எல், 2 அல்லது எம்-க்கு மாற்றி இரண்டாம் கியரில் பிடித்துவையுங்கள், செங்குத்தில் முதல் கியர். இன்ஜின் உறுமும், பயப்படவேண்டாம். வேகத்தை அது பிடித்துக்கொள்கிறது. பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தி விட்டுவிடுங்கள், மேலேயே காலை வைத்துக்கொண்டு வராதீர்கள். நியூட்ரலில் போட்டு எரிபொருள் மிச்சம் பிடிக்க நினைப்பது தற்கொலைக்குச் சமம்.

வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் வளைந்துவிடும். சக்கரத்துக்குக் கல் வைத்தால், கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரம் போட்டுவிட்டுப் போங்கள். மலைச்சாலையில் இருட்டில் டயர் கிழிய இப்படி விட்டுப்போன ஒரு கல் போதும்.

குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்குபவர்தான் நிற்கவேண்டும். எதிரே பஸ் வந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், திரும்ப அதற்கு முழுச் சாலையும் தேவை.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு வரைபடம் ஒரு குறுக்கு வழி காட்டுகிறதே?
– வாசகர், பெங்களூரு

கல்லட்டிப் பாதை. 36 வளைவுகள், கடும் செங்குத்து. தொடர் விபத்துகளுக்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அதில் இறங்குவதற்குத் தடை. கூடலூர் வழியே போங்கள், நேரம் கூடும், பரவாயில்லை. மைசூர் பக்கம் தொடர்வதாக இருந்தால், பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். 27 வளைவுகள் உள்ள சத்தியமங்கலத்துத் திம்பம் பாதையிலும் கார்களுக்கு அதே நேரத்தடைதான்.

வளைவில் பிள்ளை வாந்தி எடுக்கிறாள். என்ன செய்ய?
– வாசகி, கோலாலம்பூர்

வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. இரண்டு இட்லியோடு ஏறுங்கள். மாத்திரை என்றால் மருத்துவரைக் கேட்டு, மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே. பாதி வழியில் கொடுத்தால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிடுங்கள், குரங்கு இல்லாத இடமாகப் பார்த்து.