ஐ5-ஆ, ரைசன் 5-ஆ? பெயரைவிட அதன் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள்

பையனின் கல்லூரிப் படிப்புக்கும் வீட்டுக் கணக்குக்கும் புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டும், பிராசசர் இன்டெலின் ஐ5 எடுக்கவா ஏஎம்டியின் ரைசன் 5 எடுக்கவா, கடைக்காரர் ஒரு பழைய ஐ7-ஐ விலை குறைத்துத் தருகிறேன் என்கிறார், அதை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ஐ7 வேண்டாம். ஐ7 என்பதால் ஐ5-ஐ விட வேகம் என்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள், அதாவது ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்த வரிசைக்குள், ஒப்பிட்டால்தான் சரி. 2012இல் வந்த ஐ7-3770க்கு 4 கோர் (வேலை செய்யும் பகுதி), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசை). 2022இல் வந்த ஐ3-12100க்கும் அதே 4 கோர், 8 த்ரெட்தான், ஆனால் வேகத்தில் அந்தப் பழைய ஐ7 இதன் பக்கத்தில்கூட வராது. தவிர, விண்டோஸ் 11க்கு இன்டெலில் 8ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும், விண்டோஸ் 10க்கான வழக்கமான அப்டேட்டும் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது.

அடுத்து, பிராசசர் பெயரின் கடைசி எழுத்து. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். அக்கா மகனுக்காகப் பாகங்களை வாங்கி வந்து வீட்டிலேயே பொருத்தினேன். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது, கீபோர்டில் விளக்கு எரிந்தது, மானிட்டரில் மட்டும் ஒன்றும் வரவில்லை. ரேமைக் கழற்றி மாட்டி, கேபிளை மாற்றி, இரண்டு மணி நேரம் போராடிய பிறகுதான் பிராசசர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன்: ஐ5-12400எஃப். நான் கேட்டது 12400, கடையில் கொடுத்தது எஃப். இன்டெலில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு போட்டால்தான் திரையில் படம் வரும். ஏஎம்டியில் இன்னும் குழப்பம்: ரைசன் 5 5600இல் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜியில் உண்டு. 7600இல் எழுத்தே இல்லாவிட்டாலும் சின்னதாக ஒன்று உண்டு, 7500எஃப்பில் இல்லை. பில் போடும் முன் இந்த ஒரு எழுத்தைத் தயவுசெய்து உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்.

சரி, எதை வாங்குவது? படிப்பு, கணக்கு, பிரவுசர், கொஞ்சம் கோடிங் என்றால் 12400, 5600ஜி இரண்டுமே தாராளம், இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட். அன்றாட வேலையில் வித்தியாசம் தெரியாது, எது மலிவோ அதை எடுங்கள். 5600ஜி என்றால் 16 ஜிபி ரேமை ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள், அதன் கிராபிக்ஸ் அந்த ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது, ஒற்றைக் குச்சியில் கேம் திணறும்.

கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்து, நாலைந்து வருடம் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் ரைசன் 5 7600 பக்கம் போகலாம். அதற்கான ஏஎம்5 வகை மதர்போர்டுக்கு டிடிஆர்5 என்ற புது வகை ரேம்தான் பொருந்தும், அதனால் மொத்தச் செலவு ஏறும். ஆனால் பிராசசரை மட்டும் மாற்ற ஏஎம்டி வசதி: முந்தைய ஏஎம்4 வகையில், 2017இல் போர்டு வாங்கிய பலர் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) மட்டும் அப்டேட் செய்து 2022இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசசரைப் போட்டார்கள். இன்டெலில் 12, 13, 14 தலைமுறைகளுக்கு ஒரே சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்), அதற்கடுத்து வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்குப் போர்டையே மாற்ற வேண்டும்.

கடையில் கொட்டேஷன் வாங்கியதும் பிராசசர், மதர்போர்டு இரண்டின் முழுப் பெயரையும் எண், எழுத்தோடு கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.